அடியில்லா அகப்பை: ஜப்பானியக் கடற்பேய்க் கதைகள் குறித்து



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஜப்பானைப் பற்றிப் பேசுமாறு அமைப்பாளர்கள் என்னைப் பணித்தபோது அவர்கள் ஹைக்கூவைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். ஜப்பான் என்றவுடன் நமக்கு மூன்று வரிகளும் ஒரு தவளையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அந்தத் தவளை குதிக்காத ஆண்டு ஒன்று நம் வட்டத்தின் வரலாற்றில் இல்லை. ஆகவே இன்று குளத்தை விட்டுக் கடலுக்குப் போகலாம் என்று எண்ணினேன். இரவுக் கடலில் எழும் பேய்களைப் பற்றியதே என் பேச்சு. விழா நாளில் பேயா என்று முகம் சுளிக்க வேண்டா. எனக்கு இதில் ஒரு பழைய கடன் இருக்கிறது. வட்டம் தொடங்கிய புதிதில் ஒரு மாதக்கூட்டத்தில் ஜப்பானிய மீனவர் கதை ஒன்றைச் சொன்னேன். அவை சிரித்தது, சொன்ன நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இன்று நிற்கிறேன். எந்தக் கதை என்பதைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன்.

முதலில் பேய்களுள் பெரியதைப் பார்ப்போம். உமிபோஸு என்பது அதன் பெயர். 'உமி' என்றால் கடல். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு கண்ட அறிஞர் சுசுமு ஓனோவின் ஆய்வுகளில் ஈடுபாடுள்ள நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் உடனே நெல்லுமியைத் தேடிப் புறப்பட வேண்டா என்று கேட்டுக்கொள்கிறேன். 'போஸு' என்பது பௌத்தத் துறவியைக் குறிக்கும் சொல். துறவியின் மழித்த தலையை வைத்து, மொட்டைத்தலையர் எவரையும் பேச்சு வழக்கில் அப்படி அழைப்பதுண்டு. எனவே இதனைக் 'கடல்மொட்டை' என்று கொச்சையாகவும், 'கடல்துறவி' என்று மரியாதையாகவும் தமிழாக்கலாம். இரவில் கடலில் போகிறவன் மரியாதையின் பக்கமே நிற்பான்; நாமும் அப்படியே நிற்போம்.

அது வருவதற்கு முன் கடல் அமைதியாக இருக்கும் என்பர். காற்று இராது. திடீரென்று நீர் ஓரிடத்தில் திரளும். கரிய, வழவழப்பான, உருண்டைத் தலையொன்று தோளளவுக்கு மேலெழும். ஒளி வீசும் இரண்டு கண்கள். பல கதைகளில் அதற்கு மூக்கும் இல்லை, வாயும் இல்லை. நீருக்குக் கீழே அதன் உடல் எப்படி முடிகிறது என்பதைக் கண்டு சொன்னவர் எவருமிலர். அது மரக்கலத்தை நொறுக்கும், அல்லது கவிழ்க்கும். அதனைக் கண்டால் பேசக்கூடாது, பேசினால் படகு போயிற்று என்று பல ஊர்களில் நம்பினர். பேரலை, இடிமுகில், கடலாமை, பெரிய சொறிமீன் என்று இதற்கு இயற்கைக் காரணம் கூறுவோர் உண்டு. அவை பொருந்தலாம். ஆனால் அலையைக் கண்டவன் அதற்கு ஏன் ஒரு துறவியின் தலையை வைத்தான் என்பதை அந்த விளக்கங்கள் தொடுவதில்லை. கடலில் மாண்ட துறவிகளின் ஆவியே இது என்றும், கல்லறையில் நீரூற்றி வணங்கச் சுற்றத்தார் இல்லாத இறந்தோரின் ஆவியே இது என்றும் சொல்லி வந்தனர். நான் இந்த இரண்டாவது கூற்றைக் கைப்பற்றிக்கொண்டு மேலே செல்கிறேன்.

உத்தகாவா குனியோஷி என்னும் ஓவியர் 1797 முதல் 1861 வரை வாழ்ந்தவர். மரப்பாள அச்சோவியத்தில் போர்வீரர்களையும் பூதங்களையும் வரைந்து புகழ்பெற்றவர். 1840களின் தொடக்கத்தில் அரசு நடிகர் உருவங்களையும் கணிகையர் உருவங்களையும் அச்சிடத் தடை விதித்தது. ஓவியர்கள் பழங்கதைகளிடம் அடைக்கலம் புகுந்தனர். அக்காலத்தில் குனியோஷி, ஹிரோஷிகே, குனிசடா ஆகிய மூவரும் சேர்ந்து, எடோவுக்கும் கியோட்டோவுக்கும் இடைப்பட்ட தோக்கைடோ பெருவழியின் தங்குமிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையை இணைத்து ஓர் ஓவிய வரிசை வெளியிட்டனர். அதில் குவானா என்னும் துறைமுகத்துக்கு வரைந்த படத்தில் கருத்த கடல்துறவி எழுகிறது. இருட்டே தலையாகத் திரண்டது போன்ற உருவம். அதில் இரு வெண்கண்கள். கீழே கொந்தளிக்கும் அலையில் ஒரு படகு. அச்சோவியங்களின் எந்தத் தொகுப்பிலும் இப்படத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

படகில் இருப்பவன் தொகுஸோ என்னும் மாலுமி. மாதத்தின் கடைசி நாளில் கலம் செலுத்தலாகாது என்பது மாலுமிகளின் விதி. தொகுஸோ அதை மீறினான். கடல் பொங்கியது, துறவி எழுந்தது. என் உருவம் அஞ்சத்தக்கதாக இல்லையா என்று அது கேட்டதாம். வாயில்லாத அது எப்படிக் கேட்டது என்று நாம் கேட்கக்கூடாது. தொகுஸோ நிமிர்ந்து பார்த்து விடை சொன்னான்: உலகில் பிழைப்பு நடத்துவதைவிட அஞ்சத்தக்கது வேறொன்றும் இல்லை. கடல்துறவி மறைந்துவிட்டது.

இந்தக் கதையைப் பலமுறை படித்தபின்பே அதன் நடுவில் ஒரு சொல் இருப்பதைக் கண்டேன். ஜப்பானியத்தில் 'வதாரு' என்றால் கடத்தல், ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போதல். 'யொ' என்றால் உலகம். 'யொவதாரி', அதாவது உலகைக் கடத்தல், என்பது வயிற்றுப்பாட்டுக்கு அவர்கள் வழங்கும் அன்றாடச் சொல். குவானாவுக்கும் அதற்கு முந்தைய தங்குமிடமான மியாவுக்கும் இடையில் தோக்கைடோ பெருவழி நிலத்தை விட்டுக் கடலில் இறங்கியது. ஏழு 'ரி' தொலைவு, நம் கணக்கில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர், பயணிகள் படகில் கடக்க வேண்டியிருந்தது. அந்தப் படகுத்துறைக்குப் பெயர் 'ஏழு ரி வதாஷி'. வதாஷியும் வதாருவும் ஒரே வேர். ஆகவே கடலைக் கடப்பதையே தொழிலாகக் கொண்டவனிடம் கடல் வந்து அச்சுறுத்தும்போது, அவன் இக்கடலைவிடப் பெரிய கடத்தல் ஒன்று உண்டு என்கிறான். பிறவியைக் கடலாகக் கண்ட வள்ளுவரைப் படித்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் தொகுஸோ பிறவியைப் பேசவில்லை, வீடுபேற்றைப் பேசவில்லை. அரிசி விலையைப் பேசுகிறான். மாதக் கடைசியில் கலம் செலுத்தாதே என்ற விதியை அவன் ஏன் மீறினான் என்பதற்கும் அவன் விடையிலேயே காரணம் இருக்கிறது. மாதக் கடைசி என்பது கணக்குத் தீர்க்கும் நாள்.

வாய்த்துடுக்கால் பேயை வென்றவன் என்று இவனைப் பாராட்டுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பேய் ஒரு கேள்வி கேட்டது. அவன் உண்மையான விடை சொன்னான். அந்தப் பேயும் ஒரு காலத்தில் பிழைப்புக்காகக் கடலில் இறங்கிய ஒருவனாக இருந்திருந்தால், அந்த விடைக்கு அது மறுமொழி சொல்ல என்ன இருக்கிறது? மறைந்து போவதைத் தவிர?

இப்போது நான் சிரித்த கதைக்கு வருகிறேன்.

ஃபுனயூரெய் என்றொரு வகைப் பேய் உண்டு. 'ஃபுனே' படகு, 'யூரெய்' ஆவி. கடலில் மூழ்கி இறந்தவர்களின் ஆவிகள் இவை. பனிமூட்டத்திலோ மழையிரவிலோ மரக்கலத்தைச் சூழ்ந்துகொண்டு, நீரிலிருந்து கை நீட்டி, அகப்பை கொடு, அகப்பை கொடு என்று கேட்கும். நீர் மொள்ளும் நீண்ட காம்புள்ள அகப்பையைத்தான் கேட்கும். கொடுத்துவிட்டால் அதைக் கொண்டே கடல்நீரை மொண்டு மொண்டு படகுக்குள் ஊற்றும். படகு நிறைந்து அமிழும். இருப்பவர்களும் அவற்றோடு சேர்வர். கொடுக்காமலும் இருக்க முடியாது. ஆகவே மீனவர்கள் அடியைத் தட்டி எடுத்துவிட்ட அகப்பை ஒன்றைப் படகில் வைத்திருப்பார்கள். பேய் கேட்டால் அதை எடுத்து நீட்டுவார்கள். பேய் மொள்ளும், நீர் ஒழுகும், மீண்டும் மொள்ளும், மீண்டும் ஒழுகும். விடியும் வரை இப்படியே. விடிந்தால் பிழைத்தார்கள்.

இதைத்தான் நான் அன்று மீனவர் சமயோசிதத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னேன். அறிவில் பேயை மனிதன் வென்றான் என்று முடித்தேன். கைதட்டும் கிடைத்தது.

பின்னர் ஒருநாள் ஒரு சிறு ஐயம் எழுந்தது. பேய்க்கு ஏன் அகப்பை? கடலில் படகைக் கவிழ்க்க நினைக்கும் ஆவிக்குக் கை போதாதா? அகப்பை படகில் எதற்காக இருக்கிறது? புகுந்த நீரை வெளியே இறைப்பதற்காக. அலை ஏறிய இரவில் ஒருவன் கடைசியாகக் கையில் பற்றியிருப்பது அதுவே. அவன் இறைத்துக்கொண்டே இருக்கும்போது படகு மூழ்கியிருக்கும். அப்படியானால் அந்த ஆவிகள் இன்னும் இறைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. தம் படகு மூழ்கிவிட்டதை அவை அறியவில்லை. அகப்பை கைதவறிப் போயிற்று. அடுத்து வரும் படகில் அதைக் கேட்கின்றன. நாம் படகுக்குள் இருந்துகொண்டு பார்த்தால் அது நீரை உள்ளே ஊற்றும் செயல். கடலுக்குள் இருப்பவனுக்கு அது நீரை வெளியேற்றும் செயல். இது என்னுடைய வாசிப்பு. எந்த நூலும் இப்படிக் கூறி நான் படித்ததில்லை. ஆனால் இப்படி எண்ணிய பின் என்னால் அக்கதையைச் சொல்லிச் சிரிக்க இயலவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. அடியில்லா அகப்பை நடுக்கடலில் செய்யப்படுவதன்று. கரையில், பகல் வெளிச்சத்தில், நிதானமாக ஒருவன் உட்கார்ந்து நல்ல அகப்பை ஒன்றின் அடியைத் தட்டி எடுத்திருக்க வேண்டும். கேட்கப் போகிறவர்கள் யார் என்பதும் அவனுக்குத் தெரியும். சிறிய மீன்பிடி ஊரில் கடலில் போனவர்கள் அயலார் அல்லர். அண்ணன், அண்டை வீட்டான், சென்ற ஆண்டு ஒரே வலையை இழுத்தவன். அவர்களை ஏமாற்றுவதற்கான கருவியைச் செய்துகொண்டு அவன் கடலுக்குப் புறப்படுகிறான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொகுஸோ சொன்ன அச்சம் இதுதான்.

மீனவர்கள் இந்த ஏமாற்றை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இறந்தோர் வீடு திரும்புவதாக நம்பப்படும் போன் விழா நாள்களில் அவர்கள் கடலுக்குப் போவதில்லை. போனால் ஆவிகளின் படகைக் காண நேரும் என்பது நம்பிக்கை. சில ஊர்களில் அகப்பைக்கு மாறாகச் சோற்றுருண்டையைக் கடலில் எறிவர். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் மற்றொன்று. கடலில் மிதந்து வரும் பிணத்தை மீனவர் 'எபிசு' என்று அழைப்பதுண்டு. எபிசு என்பது மீன்பாட்டைத் தரும் தெய்வத்தின் பெயர். கையில் தூண்டிலும் பெரிய மீனும் ஏந்திச் சிரித்த முகத்தோடு இருப்பார். முகம் தெரியாத பிணத்துக்கு அந்தப் பெயரை இட்டு, படகில் ஏற்றிக் கரை சேர்த்து அடக்கம் செய்வர். விட்டுவிட்டுப் போகக்கூடாது. ஏற்றுவதற்கு முன் ஒரு மீனவன் பிணத்தை நோக்கி, எங்களுக்கு நல்ல மீன்பாடு தருவாயா என்று கேட்பானாம். பிணத்துக்காக மற்றொரு மீனவன், தருகிறேன் என்று விடை சொல்வானாம். பேரம்தான். ஆனால் அந்தப் பேரத்தில் இறந்தவனுக்காகப் பேச உயிருள்ள ஒருவன் வேண்டியிருக்கிறது. அவன் குரலைக் கடன் கொடுக்கிறான்.

குரலைக் கடன் கொடுத்தல் என்றவுடன் கவிஞர்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். உங்களுக்கான கதை ஒன்றும் உண்டு.

ஹொன்ஷு, கியூஷு ஆகிய இரு தீவுகளுக்கும் நடுவே கன்மோன் நீரிணை இருக்கிறது. அதன் ஒடுக்கமான இடத்தின் அகலம் 700 மீட்டருக்கும் குறைவு. நாளுக்கு நான்கு முறை நீரோட்டம் திசை மாறும் இடம் அது. அங்கே தான்னோஉரா என்னுமிடத்தில் 1185ஆம் ஆண்டு ஹெய்க்கே குலத்தின் கப்பற்படை அழிந்தது. குழந்தைப் பேரரசன் அந்தோக்குவை அவன் பாட்டி கையிலேந்திக் கடலில் குதித்தாள். 1841இல் வெளிவந்த ஒரு பேய்க்கதைப் பட நூல், அந்நீரிணையில் கலத்தை மறித்து நீர் மொள்ளும் கலம் கேட்கும் ஆவிகள் ஹெய்க்கே குலத்தாரே என்கிறது. அங்குள்ள நண்டுகளின் ஓட்டில் சினமுற்ற வீரனின் முகம் போன்ற வரிகள் உண்டு. முகமுள்ள நண்டுகளை மீனவர் இரக்கத்தோடு கடலில் விட்டதால்தான் அம்முகம் தலைமுறைதோறும் தெளிவாயிற்று என்று கார்ல் சாகன் தம் காஸ்மாஸ் தொடரில் கூறினார். அழகான கருத்து. ஆனால் அந்த நண்டு மிகச் சிறியது, உண்ணப்படுவதில்லை, ஆகவே அகப்பட்ட அனைத்தும் கடலுக்கே திரும்பின என்று உயிரியலார் மறுத்துவிட்டனர்.

அந்தக் கடற்கரையில் ஆவிகள் அமைதியடைய ஓர் ஆலயம் எழுப்பினர். அங்கே தங்கியிருந்த ஹோயிச்சி என்னும் கண்பார்வையற்ற பாணனின் கதையை லஃப்காடியோ ஹெர்ன் 1904இல் வெளியான 'க்வைடான்' நூலில் எழுதினார். ஹோயிச்சி பீவா என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டி ஹெய்க்கேயின் வீழ்ச்சியைப் பாடுகிறவன். ஓரிரவு ஒரு வீரன் வந்து, உயர்குடியினர் அவையில் பாட வேண்டும் என்று அழைத்துப் போகிறான். கடற்போரையே பாடச் சொல்கிறார்கள். அவன் பாடுகிறான், அவை கதறி அழுகிறது. மூன்றாம் இரவு பின்தொடர்ந்து போன வேலையாள்கள், கல்லறைகளுக்கு நடுவே, அந்தோக்குவின் நினைவிடத்துக்கு முன், கொட்டும் மழையில் அவன் தனியே பாடிக்கொண்டிருப்பதைக் காண்கிறார்கள். அவனைக் காக்க எண்ணிய ஆலயத் துறவி அவன் உடல் முழுதும் பௌத்த சூத்திரத்தை எழுதுகிறார். ஆவியின் கண்ணுக்கு அவன் மறைந்துபோகிறான். காதுகளில் எழுத மறந்துவிட்டார்கள். அழைக்க வந்த ஆவி இரண்டு காதுகளை மட்டும் கண்டு, அவற்றைப் பிய்த்துக்கொண்டு போகிறது.

குருதி வழியும் காதுகளையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முதல் இரவுதான் முக்கியமாகப் படுகிறது. கப்பல்களைச் சூழ்ந்து மூழ்கடிக்க முயன்ற அதே ஆவிகள் என்று ஹெர்ன் கதையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கடலில் அவை கேட்டது அகப்பை. கரையில் அவை கேட்டது தம் மரணத்தைப் பற்றிய பாட்டு. பாட்டைக் கேட்ட இரவில் அவை யாருக்கும் தீங்கு செய்யவில்லை, அமர்ந்து அழுதன. அவற்றின் கையில் கிடைத்த அகப்பைகளுள் அடி உள்ளதாக இருந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். துறவி செய்ததைத் தவறென்று சொல்லவில்லை. ஹோயிச்சி மேலும் சென்றிருந்தால் உயிர் பிழைத்திருக்க மாட்டான். எழுத்து அவனைக் காத்தது. கேட்கும் உறுப்பை மட்டும் காக்கவில்லை. இதை விளக்கப் புகுந்தால் கெடுத்துவிடுவேன்.

இவையெல்லாம் பழங்கதைகள். என் சிரிப்பு உண்மையாகவே தொண்டையில் நின்றது பழங்கதையால் அன்று.

2011 மார்ச் 11ஆம் நாள் ஜப்பானின் வடகிழக்குக் கரையைக் கடற்கோள் தாக்கியது. அதற்கு அவர்கள் வழங்கும் 'சுனாமி' என்னும் சொல்லை 2004 டிசம்பர் 26ஆம் நாளுக்குப் பின் நம் கரையோரத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜப்பானில் இறந்தோர் ஏறத்தாழ 15,900 பேர். 2,500க்கும் மேற்பட்டோர் காணாமற்போனவர்களாகவே கணக்கில் நின்றுவிட்டனர். உடல் இல்லை, கரை சேர்க்க ஒன்றும் இல்லை. பெரும் அழிவுக்கு உள்ளான நகரங்களுள் ஒன்று இஷினோமாக்கி. அங்கே வாடகைக் கார் ஓட்டுநர்களிடையே ஒரு பேச்சு உலவிற்று. செந்தாயிலுள்ள தோஹோக்கு காக்குயின் பல்கலைக்கழகத்தின் மாணவி ஒருவர் தம் பட்ட ஆய்வுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களிடம் சென்று கேட்டார். பலர் பேச மறுத்தனர்; சிலர் சினந்தனர். ஏழு பேர் சொன்னார்கள். அந்த ஆய்வு 2016இல் நூலொன்றில் வெளிவந்தது.

ஒருவர் சொன்னது இது. கடற்கோளுக்குச் சில மாதங்களுக்குப் பின், கோடைத் தொடக்கத்தில், இரயில் நிலையத்துக்கு அருகே ஓர் இளம்பெண் ஏறினாள். அந்த வெப்பத்திலும் குளிர்கால மேலங்கி அணிந்திருந்தாள். மினாமிஹாமாவுக்குப் போக வேண்டும் என்றாள். கடல் அள்ளிச் சென்ற பகுதி அது. அங்கே இப்போது வெற்றுநிலம்தானே இருக்கிறது, போகலாமா என்று ஓட்டுநர் கேட்டார். நான் இறந்துவிட்டேனா என்று நடுங்கும் குரலில் கேள்வி வந்தது. திரும்பிப் பார்த்தார்; பின்னிருக்கையில் எவருமில்லை. இன்னொருவரின் காரில் ஏறிய இளைஞன் முன்பக்கம் கைகாட்டிக்கொண்டே இருந்தான். ஹியோரியாமா என்று மட்டும் சொன்னான். கடற்கோளின்போது மக்கள் ஏறித் தப்பிய குன்று அது. அங்கே போய் நிறுத்தியபோது அவன் இல்லை.

இவை நடந்தனவா என்று என்னைக் கேட்க வேண்டா. நான் சொல்ல வந்தது ஓட்டுநர்களைப் பற்றியது. பயணி ஏறியவுடன் அவர்கள் கட்டணமானியை ஓடவிட்டிருந்தார்கள். ஓடிய தொலைவுக்கு நிறுவனத்திடம் கணக்குக் காட்ட வேண்டும். பயணி இல்லை, பணம் இல்லை. அவர்கள் தங்கள் கைப்பணத்தைக் கட்டினார்கள். வயிற்றுப்பாட்டுக்காக இரவு முழுதும் ஊர் சுற்றுகிற, தொகுஸோ சொன்ன கடலைக் கடந்துகொண்டிருக்கிற மனிதர்கள் இவர்கள். ஒருவேளை அவர்களின் சுற்றத்தாரும் அந்தக் கடலில் போயிருக்கலாம். முதலில் அஞ்சியவர்கள், பின்னர் அச்சம் போய்விட்டது என்றார்கள். அப்படி ஒருவர் மீண்டும் கைகாட்டினால் நிறுத்தி ஏற்றிக்கொள்வேன், கேட்ட இடத்துக்குக் கொண்டுபோய் விடுவேன் என்று சொன்னவரும் அவர்களில் இருக்கிறார்.